செம்பனைக்குள் உறங்கும் கர்மா

மலாக்காவில் மெர்லிமாவைத் தாண்டி மூவார் நோக்கிப் போனால், ஜொகூர் எல்லையை ஒட்டி வருகிறது சுங்கை ரம்பாய். ஜாசின் மாவட்டத்தின் இந்த வட்டாரத்தில் செம்பனையைப் பற்றி யாரும் யாருக்கும் பாடம் நடத்த வேண்டியதில்லை. குலையின் நிறத்தைப் பார்த்தே பழுத்ததா, காயா என்று சொல்லிவிடும் கண்கள் இங்கே தலைமுறை தலைமுறையாக இருந்து வந்திருக்கின்றன.

ஆனால் அந்தக் கண்களையும் குழப்பிய ஒரு மரம் உண்டு. ஒரே தாய் மரத்திலிருந்து எடுத்து, ஒரே ஆய்வுக்கூடத்தில் வளர்த்து, ஒரே நாளில் நட்ட இரண்டு கன்றுகள். ஒரே மண், ஒரே உரம், ஒரே மழை. மூன்றாண்டுகள் கழித்து ஒன்று எண்ணெய் சொட்டும் குலை தள்ளுகிறது. மற்றொன்றின் காய்களோ விரல் விரலாகப் பிரிந்து, எண்ணெய் இல்லாமல், பழுக்காமலேயே அழுகிவிடுகின்றன. இரண்டின் மரபணு எழுத்துகளும் ஒன்றே. பிறகு ஏன் இந்த வேறுபாடு?

இந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்க ஏறக்குறைய 30 ஆண்டுகள் ஆயின. அந்தப் பதில், உயிரினங்களின் உடலுக்குள் மரபணுக்கள் எப்படி ஆளப்படுகின்றன என்ற பெரிய கதையின் ஒரு பகுதி. அதில் மலேசியாவுக்கும் ஓர் அத்தியாயம் உண்டு என்பது பலருக்குத் தெரியாது.

கித்தாவிலிருந்து செம்பனைக்கு

மலாக்கா மண்ணுக்கும் தோட்டத் தொழிலுக்கும் உள்ள உறவு பழையது. மலாயாவில் வணிக நோக்கில் முதன்முதலாகக் கித்தா நடப்பட்டது மலாக்காவில்தான். 1896ல் டான் சே யான் என்ற சீன வணிகர் புக்கிட் லிந்தாங்கில் சுமார் 40 ஏக்கரில் கித்தா மரங்களை நட்டார். பிறகு ஜாசின் மாவட்டத்து அசாஹானில் பெருந்தோட்டம் உருவானது. அந்த மரங்களை நம்பித்தான் தமிழகத்திலிருந்து ஆயிரமாயிரம் குடும்பங்கள் கப்பலேறின. பால் வெட்டு, கங்காணி, பிரட்டு, லயத்து வீடு என்று ஒரு வாழ்க்கை உருவானது.

செம்பனை வந்த வழி வேறு. மேற்கு ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இந்த மரத்தின் 4 கன்றுகள் 1848ல் ஜாவாவின் போகோர் தாவரவியல் பூங்காவுக்கு வந்து சேர்ந்தன. தென்கிழக்கு ஆசியாவின் செம்பனைத் தோட்டங்களுக்கு மூதாதையர் பெரும்பாலும் அந்த நான்கு மரங்களே. மலாயாவில் முதல் வணிகத் தோட்டம் 1917ல் கோலசிலாங்கூர் பகுதியில் தொடங்கியது. அதை அமைத்தவர் ஆன்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர். தோட்டத்தின் பெயர் தென்னமரம். பெயரைச் சொன்னாலே தமிழ் காதில் விழுகிறதல்லவா?

1960களில் கித்தா விலை சரியத் தொடங்கியதும் மலாக்கா, ஜொகூர் தோட்டங்கள் ஒவ்வொன்றாகச் செம்பனைக்கு மாறின. பால் வாளி பிடித்த கைகள் உளியையும், நீண்ட கழியில் கட்டிய அரிவாளையும் பிடிக்கக் கற்றுக்கொண்டன. பெண்கள் உதிரிப் பழம் பொறுக்கினார்கள். 1981க்கு முன்பு, ஆண் பூவின் மகரந்தத் தூளைப் பெண் பூவின் மீது கையால் தூவும் வேலையும் தோட்டங்களில் நடந்தது. அந்த ஆண்டு கெமரூனிலிருந்து ஒரு சிறு வண்டு கொண்டுவரப்பட்டு ஜொகூரில் விடப்பட்டது. அதன் பிறகு அந்த வேலையை வண்டே எடுத்துக்கொண்டது.

ஒட்டுக் கட்ட முடியாத மரம்

கித்தா மரத்தில் ஒரு வசதி இருந்தது. நிறையப் பால் தரும் ஒரு மரத்தின் மொட்டை எடுத்து இன்னொரு நாற்றின் தண்டில் ஒட்டுக் கட்டலாம். அப்படி உருவாகும் மரங்கள் எல்லாம் தாய் மரத்தின் அச்சு அசலான நகல்கள். இவைதான் குளோன் மரங்கள். கித்தா ஆய்வுக் கழகத்தின் 600ஆம் எண் குளோனைத் தெரியாத பழைய தோட்டத்துக்காரர் இருக்க முடியாது.

செம்பனைக்கு அந்த வசதி இல்லை. கிளையில்லாத மரம் அது. ஒரே ஒரு குருத்து. அதை வெட்டினால் மரம் செத்துவிடும். எனவே விதையை நம்பித்தான் ஆக வேண்டும். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளே ஒன்று போல் இன்னொன்று இருப்பதில்லை. செம்பனை விதைகளும் அப்படித்தான். ஒரு மரம் அள்ளித் தரும். பக்கத்து மரம் கிள்ளித் தரும்.

1970களில் இதற்கு விடை கிடைத்ததாகத் தோன்றியது. பிரிட்டிஷ், பிரெஞ்சு ஆய்வாளர்கள் செம்பனையின் சிறு திசுத் துண்டைக் கண்ணாடிக் குடுவையில் வளர்த்து, அதிலிருந்து முழுக் கன்றை உருவாக்கினார்கள். இதைத் திசு வளர்ப்பு என்பார்கள். தோட்டத்தின் மிகச் சிறந்த மரத்திலிருந்து நூற்றுக்கணக்கான நகல்கள்! விளைச்சல் 20 முதல் 30 விழுக்காடு வரை கூடும் என்று கணக்குப் போடப்பட்டது. 1970களின் பிற்பகுதியில் ஜொகூரின் குளுவாங் வட்டாரத்தில் முதல் குளோன் மரங்கள் மண்ணில் இறங்கின.

போர்வை போர்த்திய காய்

1980களின் நடுப்பகுதியில் கெட்ட செய்தி வந்தது. சில குளோன் மரங்களின் பூக்கள் பிறழ்ந்திருந்தன.

செம்பனையின் பெண் பூவில் சூலகத்தைச் சுற்றி, வளராத ஆண் உறுப்புகளின் எச்சங்கள் ஆறு இருக்கும். சாதாரண மரத்தில் அவை ஒன்றுக்கும் உதவாமல் அப்படியே இருந்துவிடும். கோளாறு உள்ள மரத்தில் அவை மகரந்தத் தாள் என்ற அடையாளத்தை இழந்து, கூடுதல் சூலகங்களாக வளரத் தொடங்கின. விளைவு, நடுவில் உள்ள காயைச் சுற்றிச் சதைப்பற்றான விரல்கள் போர்வை போல் மூடிக்கொண்டன. ஆங்கிலத்தில் மேண்டல்ட், அதாவது மேலங்கி போர்த்தியது என்று இதற்குப் பெயர் வைத்தார்கள். கோளாறு கடுமையாக இருந்தால் விதையும் இல்லை, எண்ணெயும் இல்லை. குலை முழுவதும் வீண்.

சில குளோன்களில் ஓரிரு மரங்கள் மட்டும் கெட்டன. சிலவற்றில் கிட்டத்தட்ட எல்லா மரங்களும் கெட்டன. அதைவிட விசித்திரம், கெட்ட மரங்களில் சில, ஆண்டுகள் செல்லச் செல்லத் தாமாகவே குணமாகிச் சாதாரணக் குலை தள்ளின. எந்த மரபியல் பாடநூலிலும் அடங்காத நடத்தை இது.

இதன் இழப்பு யாருக்கு? செம்பனை காய்க்கத் தொடங்க மூன்று ஆண்டுகள் ஆகும். ஒரு முறை நட்டால் 25 ஆண்டுகள் நிற்கும் மரம் அது. மூன்றாண்டு உரமும் உழைப்பும் போட்ட பிறகு, காய்க்கும் நேரத்தில்தான் கோளாறு கண்ணுக்குத் தெரியும். பெரிய நிறுவனம் கணக்கில் எழுதித் தள்ளிவிடலாம். பத்து ஏக்கர் வைத்திருக்கும் சிறுதோட்டக்காரரால் முடியுமா? வெட்டிய எடைக்குக் கூலி வாங்கும் தொழிலாளிக்கு, குலை தள்ளாத மரம் கூலி தராத மரம். நிறுவனங்கள் அஞ்சின. குளோன் நடவு பல ஆண்டுகள் பின்தங்கியது.

சோளக் கதிரில் கிடைத்த முதல் தடயம்

செம்பனையின் புதிருக்கு விடை தேடுமுன், காலத்தில் சற்றுப் பின்னோக்கிப் போக வேண்டும். இடம் அமெரிக்காவின் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வுக்கூடம். காலம் 1940கள். பார்பரா மெக்ளின்டாக் என்ற பெண் விஞ்ஞானி சோளக் கதிர்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்துகொண்டிருந்தார். சில சோள மணிகளில் புள்ளிகளும் கோடுகளுமாக நிறம் சிதறிக் கிடந்தது. ஏன்?

அவர் கண்ட விடை அந்தக் காலத்துக்குப் பெரும் அதிர்ச்சி. மரபணுக்கள் நூலில் கோத்த மணிகள் போல அசையாமல் இருப்பவை என்று எல்லோரும் நம்பினார்கள். மெக்ளின்டாக்கோ, குரோமோசோமின் சில துண்டுகள் ஓரிடத்திலிருந்து பெயர்ந்து இன்னோரிடத்தில் போய் உட்காருகின்றன என்றார். உட்காரும் இடத்தில் உள்ள மரபணுவை அவை அடக்குகின்றன. விலகினால் அந்த மரபணு மீண்டும் விழிக்கிறது. அதனால்தான் அவற்றைக் ‘கட்டுப்படுத்தும் கூறுகள்’ என்று அவர் அழைத்தார். தாவுவது அவருக்கு இரண்டாம்பட்சம். மற்ற மரபணுக்களை ஆள்வதே முதன்மை.

1951ல் அவர் இதை விரிவாக எடுத்துரைத்தபோது பலருக்குப் புரியவில்லை, சிலர் நம்பவில்லை. 1953க்குப் பிறகு இந்த ஆய்வுகளை இதழ்களில் வெளியிடுவதையே அவர் பெரும்பாலும் நிறுத்திக்கொண்டார். ஆய்வை மட்டும் நிறுத்தவில்லை. பிறகு பாக்டீரியாவிலும் பழ ஈயிலும் தாவும் துண்டுகள் கண்டுபிடிக்கப்பட்டன. 1983ல், 81ஆம் வயதில், மருத்துவத்துக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. யாருடனும் பங்கிடாமல் அந்தப் பரிசைப் பெற்ற முதல் பெண் அவர்.

இரண்டு மீட்டர் நூல், ஒரு சின்னப் பெட்டி

தாவும் துண்டுகள் ஏதோ அபூர்வப் பொருள்கள் அல்ல. மனிதனின் டி.என்.ஏ.வில் ஏறக்குறைய பாதி இத்தகைய துண்டுகளும் அவற்றின் எச்சங்களும்தான். புரதம் செய்யக் குறிப்பு வைத்திருக்கும் பகுதி 2 விழுக்காடு கூட இல்லை. சோளத்தில் தாவும் துண்டுகளின் பங்கு 80 விழுக்காட்டுக்கும் மேல்.

இவை எல்லாம் ஒரே நேரத்தில் தாவத் தொடங்கினால் உயிர் பிழைக்குமா? பிழைக்காது. எனவே உயிரணு அவற்றைப் பூட்டி வைக்கிறது. அந்தப் பூட்டு எப்படிப்பட்டது என்பதில்தான் சுவையே இருக்கிறது.

மனித உயிரணு ஒன்றில் உள்ள டி.என்.ஏ.வை நீட்டினால் சுமார் 2 மீட்டர் வரும். அதை ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கைவிடச் சிறிய உட்கருவுக்குள் அடக்க வேண்டும். நூற்கண்டில் நூலைச் சுற்றுவது போல, ஹிஸ்டோன் என்ற புரத உருளைகளில் டி.என்.ஏ. சுற்றப்படுகிறது. நூலும் உருளையும் சேர்ந்த இந்த அமைப்புக்குக் குரோமாட்டின் என்று பெயர். தளர்வாகச் சுற்றிய இடத்தில் மரபணுவை வாசிக்கலாம். இறுக்கிச் சுற்றிய இடத்தில் வாசிக்க முடியாது. அங்கே மரபணு உறங்கும். எதை இறுக்குவது என்று காட்ட, டி.என்.ஏ. எழுத்துகளின் மீது மெத்தில் எனப்படும் சிறு வேதியியல் முத்திரைகள் பதிக்கப்படுகின்றன. தாவரங்களில், எங்கே முத்திரை குத்த வேண்டும் என்று வழிகாட்டுவது மிகச் சிறிய ஆர்.என்.ஏ. துண்டுகள்.

தாவும் துண்டு எங்கே இருக்கிறதோ அங்கே பூட்டு விழுகிறது. பூட்டு விழுந்தால் பக்கத்து மரபணுவும் பாதிக்கப்படுகிறது. பூட்டு கழன்றாலும் பாதிக்கப்படுகிறது. மரபணுக்களின் எழுத்து ஒன்று கூட மாறாமல் அவற்றின் நடத்தை மாறுவது இப்படித்தான்.

நல்ல கர்மா, கெட்ட கர்மா

இப்போது செம்பனைக்குத் திரும்பலாம். திசு வளர்ப்பில், உயிரணுக்கள் தம் இயல்பான சூழலை இழந்து குடுவைக்குள் மாதக்கணக்கில் பெருகுகின்றன. அந்த அழுத்தத்தில் பூட்டுகள் கழலலாம் என்ற சந்தேகம் முன்பே இருந்தது. 2000ஆம் ஆண்டு வாக்கில், கோளாறான மரங்களில் மெத்தில் முத்திரைகள் மொத்தத்தில் குறைந்திருப்பதைப் பிரெஞ்சு ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஆனால் ஆயிரமாயிரம் இடங்களில் எந்த இடத்துப் பூட்டு கழன்றதால் பூ கெட்டது?

அதற்கு முதலில் முழு மரபணு வரைபடம் தேவைப்பட்டது. பாங்கியில் உள்ள மலேசிய செம்பனை எண்ணெய் வாரியத்தின் ஆய்வாளர்கள், அமெரிக்காவின் ஓரியன் ஜெனோமிக்ஸ் நிறுவனத்துடன் சேர்ந்து, 180 கோடி எழுத்துகள் கொண்ட செம்பனை மரபணுத் தொகுதியின் வரைபடத்தை 2013ல் நேச்சர் இதழில் வெளியிட்டார்கள். கொட்டையின் ஓட்டுத் தடிமனைத் தீர்மானிக்கும் மரபணுவையும் அதே ஆண்டில் அடையாளம் காட்டினார்கள்.

அடுத்து, மலேசியாவின் வெவ்வேறு தோட்டங்களில் இருந்த குளோன் மரங்களின் இலைகளை எடுத்து, நல்ல மரத்தையும் கெட்ட மரத்தையும் அருகருகே வைத்து, தொகுதி முழுவதும் எங்கே முத்திரை இருக்கிறது, எங்கே இல்லை என்று ஒப்பிட்டார்கள். 2015 செப்டம்பரில் முடிவு நேச்சர் இதழில் வந்தது. மெய்லினா ஓங் அப்துல்லா, ராஜிந்தர் சிங், ரவிகாதேவி சம்பந்தமூர்த்தி ஆகிய வாரிய ஆய்வாளர்களின் பெயர்கள் அதில் இருந்தன. கூடவே ராபர்ட் மார்ட்டியன்சன் என்ற பெயரும் இருந்தது. அவர் மெக்ளின்டாக் வாழ்ந்து உழைத்த அதே கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்தவர்.

அவர்கள் கண்டது இதுதான். பூவின் ஆண் உறுப்பை ஆண் உறுப்பாகவே வளரச் செய்யும் ஒரு மரபணு உண்டு. அதன் பெயர் டெஃபிசியன்ஸ். 1990ல் ஜெர்மனியில் ஸ்னாப்டிராகன் பூச்செடியில் முதலில் பிரித்தெடுக்கப்பட்ட மரபணு அது. செம்பனையில் இந்த மரபணுவின் நடுவே, வாசிக்கும்போது வெட்டித் தள்ளப்படும் ஒரு பகுதிக்குள், ஒரு தாவும் துண்டு குடியிருந்தது. நெல்லில் ஜப்பானிய ஆய்வாளர்கள் விவரித்த ஒரு தாவும் துண்டின் உறவினர் அது. அதன் பெயர் என்ன தெரியுமா? கர்மா!

அந்தக் கர்மாவின் மீது மெத்தில் முத்திரை அடர்த்தியாக இருக்கும்வரை அது உறங்குகிறது. உயிரணு அதைத் தாண்டிச் சென்று மரபணுவை முழுமையாக வாசிக்கிறது. பூ சரியாக உருவாகிறது. திசு வளர்ப்பில் முத்திரை கழன்றுவிட்டால், செய்தியை வெட்டி ஒட்டும் உயிரணுவின் இயந்திரம் கர்மாவுக்குள் தவறாக நுழைந்து, செய்தியைப் பாதியிலேயே முடித்துவிடுகிறது. வழிகாட்டும் சிறு ஆர்.என்.ஏ. துண்டுகளும் அந்த இடத்தில் குறைந்துபோகின்றன. அரைகுறைச் செய்தி; அரைகுறைப் புரதம்; போர்வை போர்த்திய காய்.

ஆய்வாளர்களே இந்த இரு நிலைகளுக்கும் ‘நல்ல கர்மா’, ‘கெட்ட கர்மா’ என்று பெயர் வைத்தார்கள். தாமாகக் குணமான மரங்களைச் சோதித்தபோது, அவற்றில் முத்திரை திரும்பவும் பதிந்திருந்தது. பழைய புதிருக்கும் விடை கிடைத்துவிட்டது.

இங்கே கவனிக்க வேண்டியது, கர்மா எங்கும் தாவவில்லை. இருந்த இடத்திலேயே இருந்தது. உறக்கமா, விழிப்பா என்பது மட்டுமே மாறியது. கட்டுப்படுத்தும் கூறுகள் என்று மெக்ளின்டாக் சொன்னாரே, அந்தச் சொல்லின் முழுப் பொருளும் ஒரு தோட்டப் பயிரில் கண்கூடாகத் தெரிந்தது.

பட்டாணியும் எலியும் சொல்லும் சாட்சி

செம்பனை மட்டும்தான் இப்படியா? இல்லை. மரபியலின் தந்தை மெண்டல் 1866ல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் சுருங்கிய பட்டாணி வருகிறது. மாவுச்சத்து செய்யும் ஒரு மரபணுவுக்குள் தாவும் துண்டைப் போன்ற ஒன்று நுழைந்ததால்தான் அந்தப் பட்டாணி சுருங்கியது என்று 1990ல் தெரியவந்தது. ஆக, மரபியல் பிறந்த நாளிலேயே தாவும் துண்டும் கூடவே இருந்திருக்கிறது, யாருக்கும் தெரியவில்லை. இங்கிலாந்தில் ஆலைப்புகை படிந்த காலத்தில் வெள்ளை அந்துப்பூச்சி கறுப்பாக மாறியதற்கும் ஒரு தாவும் துண்டே காரணம் என்று 2016ல் தெளிவானது.

எலிகளில் நடந்த ஆய்வு இன்னும் வியப்பானது. ஒரு வகை எலியில் ரோம நிறத்துக்கான மரபணுவின் முன்னால் ஒரு தாவும் துண்டு உட்கார்ந்திருக்கிறது. அது விழித்திருந்தால் எலி மஞ்சளாகவும் பருமனாகவும் இருக்கும். உறங்கினால் பழுப்பாகவும் மெலிந்தும் இருக்கும். 2003ல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் வாட்டர்லேண்ட், ஜிர்ட்டில் என்ற இருவர், கருவுற்ற எலிகளுக்குஃபோலிக் அமிலம் போன்ற சத்துகளைக் கூடுதலாகக் கொடுத்தார்கள். பிறந்த குட்டிகளில் பழுப்பு நிறம் கூடியது. தாயின் உணவு, பிள்ளையின் டி.என்.ஏ. மீதுள்ள முத்திரையை மாற்றியிருந்தது.

இன்னொரு செய்தியும் உண்டு. டி.என்.ஏ. நூல் உட்கருவுக்குள் மடிப்பு மடிப்பாக, வளையம் வளையமாக இருக்கிறது. அந்த வளையங்களைப் பிடித்து நிறுத்தும் புரதத்துக்கு நூலில் கொக்கி மாட்டும் இடங்கள் வேண்டும். எலி உட்பட சில பாலூட்டிகளில் அத்தகைய பல இடங்களைப் பரப்பியவை தாவும் துண்டுகளே என்று 2012ல் வெளியான ஆய்வு காட்டியது. வாடகைக்கு வந்தவர் வீட்டின் தூணாகிவிட்ட கதை இது.

குப்பை என்று யாரைச் சொல்வது?

1972ல் சுசுமு ஓனோ என்ற விஞ்ஞானி பயன்படுத்திய ‘குப்பை டி.என்.ஏ.’ என்ற சொல் நெடுங்காலம் நிலைத்தது. புரதம் செய்யாத பகுதியெல்லாம் வீண் என்ற எண்ணம் பரவியது. அது அவசர முடிவு என்று இன்று தெரிகிறது. அதற்காக எல்லாத் தாவும் துண்டுகளும் பயனுள்ளவை என்று மறுகோடிக்கு ஓடிவிடவும் கூடாது. பெரும்பாலானவை செத்துப்போன எச்சங்களே. சில தீங்கு செய்பவை. மிகச் சிலவே ஆளும் பொறுப்புக்கு வந்தவை. எது எந்த வகை என்று ஒவ்வொன்றாகச் சோதித்துத்தான் சொல்ல முடியும்.

அந்தச் சோதனையின் பயன் செம்பனையில் நேரடியானது. முன்பு மூன்றாண்டு காத்திருந்து குலையைப் பார்க்க வேண்டும். இன்று இளங்கன்றின் சிறு இலைத்துண்டில் கர்மாவின் முத்திரை இருக்கிறதா என்று பார்த்து, கெட்ட கன்றை மண்ணில் இறக்குவதற்கு முன்பே ஒதுக்க முடியும். ஒரு ஏக்கரில் கூடுதல் எண்ணெய் கிடைத்தால், புதிதாகக் காட்டை அழிக்க வேண்டிய தேவையும் குறையும் என்று ஆய்வாளர்கள் நம்புகிறார்கள்.

இந்தச் சோதனை பெரிய நிறுவனங்களின் வேலிக்குள் மட்டும் நின்றுவிட்டால் வரலாற்றில் புதுமை ஒன்றும் இல்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது லயத்தை விட்டு வெளியேறிய குடும்பங்கள் பல. அவற்றில் சில, சேமிப்பைக் கொண்டு சிறு நிலம் வாங்கிச் செம்பனை நட்டிருக்கின்றன. குளோன் கன்று வாங்கும் சிறுதோட்டக்காரர், ‘இது சோதித்த கன்றா?’ என்று நர்சரியில் கேட்க வேண்டும். கேட்பதற்கு முதலில் அப்படி ஒரு கேள்வி இருப்பது தெரிந்திருக்க வேண்டும்.

வினைப்பயன் மாறாது என்று முன்னோர் சொன்னார்கள். செம்பனையின் கர்மா அப்படியல்ல. அது எழுத்தில் எழுதிய விதி அல்ல. எழுத்தின் மேல் பதிந்த முத்திரை. கழன்றால் மரம் கெடும். மீண்டும் பதிந்தால் அதே மரம் குலை தள்ளும். தோட்டத்துப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளில் அறிவியல் ஆசிரியர்கள் இந்தப் பாடத்துக்கு வெளிநாட்டு எடுத்துக்காட்டைத் தேட வேண்டியதில்லை. சன்னலைத் திறந்தால் போதும், பாடம் வரிசை வரிசையாக நிற்கிறது.